கேரவன் இழுக்கப் பெரிய எஸ்யூவிக்கு ரிம், டயர் அளவு: 18-லேயே இருக்கலாமா, 22 போகலாமா?

#1 தூரப்பயணி

வணக்கம் மக்களே. பெரிய எஸ்யூவி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஏழு இருக்கை, ஆட்டோமேட்டிக் கியர், எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகை. கம்பெனியில் வந்தது 18 அங்குல அலாய், டயர் 265/65ஆர்18 (அகலம் 265 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம்). பட்டன் நன்றாகத் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும். மாற்றுகிற கையோடு ரிம்மையும் மாற்றிவிடலாமே என்று ஆசை. இதே வண்டியில் 22 அங்குல ரிம், 285/45 டயர் போட்டு ஒருவர் நிறுத்தியிருந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

ஆனால் வண்டி வாங்கியதே கேரவன் இழுக்கத்தான். இரட்டை அச்சு, சாமானோடு 2800 கிலோ. வண்டியின் இழுவை வரம்பு 3500, அதனால் அந்தப் பக்கம் பயமில்லை. நெடுஞ்சாலை அதிகம், நடுவில் மலை ஏற்ற இறக்கமும் உண்டு.

டயர் கடைக்காரர், "ரெண்டுலயும் லோடு இண்டெக்ஸ் 114தான், கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்கிறார். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணாம் அது. போடலாமா? இல்லை நடுவில் 20 அங்குலம் நல்லதா? இழுத்து ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கரும்பாறை22

போடுங்க தல. நான் ரொம்ப நாளா 22-லதான் இழுக்கிறேன். பக்கச்சுவர் குட்டையா இருந்தா வண்டி பக்கவாட்டுல நெளியாது. லாரி கடந்து போறப்ப வர்ற அந்தத் தள்ளாட்டம் 18-ல இருந்ததைவிட எனக்குக் குறைஞ்சுதான் இருக்கு. அழகுக்கு மட்டும் 22 போடுறாங்கன்னு எல்லாரும் கிளம்பி வருவாங்க, பாருங்க.

#3 நாலுசக்கரம்

வந்துட்டேன் :) 22-க்கு 45 சீரிஸ்னா டயர் உயரமே 128 மிமீ. உங்க 18-ல 172. அந்த 44 மிமீ காத்துதான் குழியில இறங்குறப்ப ரிம்மைக் காப்பாத்துது. பின்னாடி ரெண்டு டன் எண்ணூறு கிலோவை இழுத்துக்கிட்டுக் குழியில விட்டா ரிம் வாய் வளைஞ்சிடும், இல்ல பக்கச்சுவர் நூல் அறுந்து கட்டி கிளம்பிடும்.

என் யோசனை: 17 அங்குலத்துக்கு இறங்குங்க. எல்டி265/70ஆர்17, ஈ வரிசை (எல்டின்னா இலகு லாரி வகை டயர், ஈ-ங்கிறது அதோட சுமை வரிசை). ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். அதுக்கப்புறம் இந்தக் கேள்வியே உங்களுக்கு வராது.

#4 டயர்க்காரன்

நாலுசக்கரம் அண்ணே, 17 உள்ள போகுமான்னு முதல்ல கேளுங்க. இப்ப வர்ற பெரிய வண்டிங்கள்ல முன் டிஸ்க் பெருசு. பிரேக் டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பர் ரிம்முக்குள்ள உரசும். சில மாடல்ல 18-க்குக் கீழ எதுவுமே ஏறாது. அளவெடுக்காம ரிம் வாங்கிட்டு வந்து கடையில நின்னு முழிச்சவங்களை நிறையப் பாத்தாச்சு.

#5 அச்சாணி

22-ஆ 17-ஆ என்று தொடங்கினால் இந்த இழை பத்துப் பக்கம் ஓடும், முடிவு வராது. தூரப்பயணி ஐயா, உங்கள் பின் அச்சில் எத்தனை கிலோ உட்காருகிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கேரவன் 2800 கிலோ என்கிறீர்கள். அதன் மூக்கு, கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை, 10 சதவீதம் என்று வைத்தாலே 280 கிலோ. இந்த 280 அப்படியே பின் அச்சில் விழுந்தால் கணக்கு எளிது. விழாது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது அழுத்தும்போது வண்டி பின் அச்சை ஊன்றி நெம்புகிறது, முன்பக்கம் தூக்குகிறது. வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தூரம்) 2.85 மீட்டர், அச்சிலிருந்து கொக்கி 1.25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 280-ஐ 4.10-ஆல் பெருக்கி 2.85-ஆல் வகுத்தால் 403. பின் அச்சில் கூடுவது 403 கிலோ, முன் அச்சில் குறைவது 123 கிலோ. ஆட்களும் சாமானும் இதற்கு மேல் தனி.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பின் அச்சுக்கு அனுமதித்த உச்ச எடையும் டயர் காற்றழுத்தமும் அதில் இருக்கும். கேரவனைக் கோத்தபடியே எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு மட்டும் ஒரு தரம், பின் அச்சும் சேர்த்து ஒரு தரம். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டு மறுபடி அதே இரண்டும். ஸ்டிக்கர் எண்களையும் சேர்த்து இங்கே போடுங்கள். ரிம் பேச்சு அதற்கப்புறம்.

#6 கரும்பாறை22

ஒரு அலாய் வாங்குறதுக்கு எடைமேடையா… சரி நடத்துங்க.

#7 வெண்புரவி

நான் குதிரை ட்ரெய்லர் இழுக்கிறவள். எடைமேடைக்குப் போகச் சொன்னதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். விற்கும்போது சொல்லும் எடை வெறும் கூட்டின் எடை. தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், பேட்டரி, முன்னால் ஒட்டிய சாமான் பெட்டி எல்லாம் பிறகு ஏறுவது. அந்தப் பெட்டி மூக்குப் பக்கம் இருந்தால் மூக்கு எடை எதிர்பாராத அளவுக்கு ஏறும்.

அதற்குப் பயந்து சாமானை எல்லாம் கேரவனின் பின்கோடியில் அடைத்துவிடவும் கூடாது. மூக்கு லேசானால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். டயரை மாற்றி ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று வருகிற பலருக்கு உண்மையான நோய் இதுதான்.

#8 தூரப்பயணி

எடை போட்டுவிட்டேன். குடும்பம், சாமான், முக்கால் டேங்க் டீசலோடு:

கேரவன் இல்லாமல் முன் அச்சு 1330, பின் அச்சு 1470.
கேரவன் கோத்த பிறகு முன் அச்சு 1210, பின் அச்சு 1870.

முன்னால் 120 குறைந்து பின்னால் 400 கூடியிருக்கிறது. அச்சாணி ஐயா சொன்ன கணக்கு அப்படியே வருகிறது, அசந்துவிட்டேன். ஸ்டிக்கரில் பின் அச்சு வரம்பு 1950. காற்று சாதாரணமாக நான்குக்கும் 33 பிஎஸ்ஐ, முழுச் சுமைக்குப் பின்னால் 36.

பின் டயர் ஒன்றுக்கு 935 கிலோதானே வருகிறது? 114 என்றால் 1180 கிலோ என்று அட்டவணையில் இருக்கிறது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது 22 போட்டால் என்ன?

#9 அச்சாணி

கடைக்காரர் சொன்ன "ரெண்டும் 114" இடறுகிற இடம் இதுதான்.

114 என்றால் 1180 கிலோ, சரி. எந்தக் காற்றில் 1180? உங்கள் 265/65ஆர்18 சாதாரண வகை. ஐரோப்பிய முறையில் அது தன் முழுச் சுமையை 36 பிஎஸ்ஐயில் தாங்கும். அந்த 285/45ஆர்22-ஐ எடுத்துப் பக்கச்சுவரைப் படியுங்கள். எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை வகை என்று இருக்கும். அந்த வகை 1180-ஐத் தொட 42 பிஎஸ்ஐ வேண்டும். சுமையைத் தாங்குவது அடைத்துவைத்த காற்று. குட்டை டயருக்குள் காற்றுக்கு இடம் குறைவு, ஆகவே அழுத்தம் கூட வேண்டும்.

காற்றைக் குறைத்தால் தாங்குதிறன் எப்படி இறங்கும் என்பதற்கு ஐரோப்பியத் தரத்தில் ஒரு சூத்திரம் உண்டு: அழுத்த விகிதத்தின் 0.8 அடுக்கு. அதன்படி ஸ்டிக்கர் சொல்லும் 33-இல் உங்கள் பழைய 18 சுமார் 1100 கிலோ தாங்கும். 22-இல் அதே 33 விட்டால் சுமார் 973. பின் அச்சு வரம்பான 1950-இல் பாதி 975. இரண்டு கிலோ பற்றாக்குறை!

உங்கள் 935-உம் சராசரிதான். இடது வலது ஒருபோதும் சமமாக இராது. டேங்க் ஒரு பக்கம், கனமான பெட்டி ஒரு பக்கம். வளைவில் வெளிச் சக்கரத்தின் மேல் இன்னும் ஏறும்.

#10 கரும்பாறை22

அப்போ 42 விடட்டும். முடிஞ்சு போச்சே? நான் இழுக்கிறப்ப பின்னாடி 42-தான் வைக்கிறேன்.

#11 அச்சாணி

சரியான பதில், மறுக்க மாட்டேன். பின்னால் 42 விட்டால் அந்த 22 முழு 1180 தாங்கும். நீங்கள் சொன்ன பக்கவாட்டு விறைப்பும் உண்மை. பின் டயர் நெளிவது குறைந்தால் வண்டியின் வாலைக் கேரவன் தள்ளுவதும் குறையும்.

என் கவலை வேறு. இந்த வண்டி மாதத்தில் பெரும்பாலும் கேரவன் இல்லாமல் ஓடும். அப்போது 42 கல்லாக இருக்கும், 33-க்கு இறக்குவார்கள். அடுத்த பயணத்தில் ஏற்ற மறந்தால்? ஸ்டிக்கரும் 33, 36 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது 18-க்காக ஒட்டியது. பல வண்டிகளில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கும் பழைய எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடும். அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும். 33-இல் 25 சதவீதம் போனால் சுமார் 25. அதுவரை விளக்கு வாயே திறக்காமல் இருக்கலாம். 25-இல் அந்த 22 என்ன தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

#12 டயர்க்காரன்

காத்து விஷயத்துல விளையாடாதீங்க மக்களே. 2000-ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஸ்டோன் கதை ஞாபகம் இருக்கா? ட்ரெட் பிரிஞ்சு வண்டிங்க உருண்டது. அந்த ஆகஸ்ட்ல 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. ஃபோர்டு 26 பிஎஸ்ஐ போதும்னுச்சு, டயர் கம்பெனி 30 வேணும்னுச்சு. தப்பு யார் மேலன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. அந்த வருஷம் வந்த சட்டத்தாலதான் அமெரிக்காவுல டயர் அழுத்த விளக்கே கட்டாயமாச்சு.

காத்து கம்மி, சுமை ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி, வெயில். நாலும் சேர்ந்தா டயர் உள்ளுக்குள்ள வெந்துடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

#13 நாலுசக்கரம்

இதுக்குத்தான் எல்டி போடுங்கன்னு சொன்னேன். 1450 கிலோ இருக்கு, காத்து கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் கவலையில்ல.

#14 டயர்க்காரன்

அண்ணே இல்லண்ணே. அந்த 1450 வர்றது 80 பிஎஸ்ஐ அடிச்சா. அதே அளவு சி வரிசை டயர்ல 50 பிஎஸ்ஐக்கு 1120 கிலோன்னு போட்டிருக்கும். ஈ வரிசையிலயும் 50 அடிச்சா ஏறத்தாழ அதே 1120-தான். ஈ-ன்னா அதிகக் காத்து அடிக்கத் தாங்கும்னுதான் அர்த்தம். எல்டியை மாட்டிட்டு கதவு ஸ்டிக்கர் பாத்து 33 விட்டா, கழட்டிப் போட்ட பழைய டயரைவிடக் கம்மியாத்தான் தாங்கும். "எல்டி போட்டும் சூடாகுது"ன்னு வர்றவங்க பாதிப் பேர் இந்தக் கேஸ்தான்.

#15 நாலுசக்கரம்

ம். நான் 50-க்கு மேலதான் வைக்கிறேன், அதனால எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. ஆனா நீங்க சொல்றது நியாயம், அட்டவணை பாக்காம எல்டி போடக் கூடாது. கல் ரோடு, காட்டுப் பாதையில இழுக்கிறவங்களுக்கு இன்னமும் எல்டிதான் என் சிபாரிசு. ஆணி, கூர்க்கல் எல்லாம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. தார் ரோட்டுக்கு மட்டும்னா கனமும் கடினமும் வீண்.

#16 தூரப்பயணி

சரி, 22 ஆசை பாதி இறங்கிவிட்டது. 20-இல் இரண்டு அளவு கிடைக்கிறது: 265/55ஆர்20, 275/60ஆர்20. இரண்டாவது பெரிதாக, கம்பீரமாக இருக்கிறது. உயரமும் கொஞ்சம் கிடைக்குமே?

#17 அச்சாணி

விட்டம் போட்டுப் பாருங்கள். உங்கள் 18: சுமார் 802 மிமீ. 265/55ஆர்20: 800. அந்த 22-க்கு 815. 275/60ஆர்20-க்கு 838.

838 என்றால் நாலரை சதவீதம் பெரிது. சக்கரம் ஒரு சுற்றில் கூட தூரம் போகும். அதாவது உங்கள் டிஃபரன்ஷியல் பல் விகிதத்தையே நாலரை சதவீதம் குறைத்ததற்குச் சமம். 3.73 இருந்தால் 3.57 போல நடக்கும். தனியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. 2800 கிலோவோடு ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் துள்ளும், எண்ணெய் சூடாகும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பலமும் குறையும். பிரேக் டிஸ்க் அதே அளவில் இருக்க, சக்கரத்தின் ஆரம் மட்டும் நீண்டிருப்பதால், அதே அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் அதே விகிதத்தில் குறையும். ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும்.

இழுக்கிற வண்டிக்கு உயரம் கூட்டுவதில் எனக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. கொக்கியும் மேலே போகும், கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதைச் சரிக்கட்ட இன்னொரு செலவு.

20-தான் வேண்டும் என்றால் 265/55. இழுவைக்கு அது தப்பில்லை. ஆனால் லோடு இண்டெக்ஸும் எக்ஸ்எல்லா என்பதும் பார்த்து, தேவையான காற்றை முதலிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#18 வெண்புரவி

டயரைப் பற்றியே பேசுகிறோம், ரிம்முக்கும் சுமை வரம்பு உண்டு. ஸ்போக்கின் பின்புறம் அல்லது நடுத் துளை அருகே கிலோவில் பொறித்திருப்பார்கள். அது பின் அச்சு வரம்பில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 975, கொஞ்சம் கூடவே இருந்தால் நல்லது. அழகுக்கென்று வரும் சில ரிம்களில் எண்ணே இருக்காது. இருந்தாலும் கார்களுக்கான 700 சொச்சம் இருக்கும், துளைகள் பொருந்துவதால் மட்டும் உங்கள் வண்டியில் ஏறிவிடும். எண் இல்லாத ரிம்மை நான் இழுவை வண்டியில் மாட்ட மாட்டேன்.

#19 டயர்க்காரன்

அக்கா சொன்னதோட ஆஃப்செட்டும் சேத்துக்குங்க (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல உக்கார்ற முகம் எத்தனை மிமீ தள்ளியிருக்குங்கிற கணக்கு, ஈடின்னு பொறிச்சிருக்கும்). ஒரிஜினல் ஈடி 60 இருந்து, புதுசு ஈடி 30-ன்னா சக்கரம் பக்கத்துக்கு 30 மிமீ வெளிய வரும். பாக்க முரட்டுத்தனமா இருக்கும். ஆனா அவ்வளவு சுமையும் பேரிங்கை வெளிப்பக்கமா நெம்பும், ஸ்டீரிங்கும் பள்ளம் மேடுல இழுக்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் தகடு போட்டாலும் அதே கதைதான். நடுத் துளை ஹப்ல கச்சிதமா உக்காரணும். டார்க் ரெஞ்ச்ல முறுக்கி, 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி முறுக்கணும்.

#20 கரும்பாறை22

மேல சொன்னதுல ரிம் எடை விஷயத்தை ஒத்துக்கிறேன். என் ரிம்ல பாத்தேன், 1100 போட்டிருக்கு. நிம்மதியாத் தூங்கலாம் :)

ஆனா ஒண்ணு கேக்கணும். கம்பெனிக்காரங்களே இப்ப 22, 24 எல்லாம் போட்டு, இழுவை பேக்கேஜும் சேத்து விக்கிறாங்களே? அது எப்படி?

#21 அச்சாணி

அவர்கள் அந்த டயருக்கு ஏற்ற காற்றழுத்தத்தைக் கதவில் ஒட்டி, விளக்கின் எல்லையையும் அதற்கேற்ப வைத்து, சஸ்பென்ஷனையும் சரிசெய்து விற்கிறார்கள். டயரின் சுற்றளவையும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைப்பார்கள்: 275/60ஆர்20, 275/50ஆர்22, 285/40ஆர்24 மூன்றும் 834, 838 மிமீ வட்டத்திலேயே சுற்றும். நீங்கள் 22 அளவு உள்ள மாடலையே வாங்கியிருந்தால் நானும் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். கையேட்டைப் பாருங்கள் என்று சொல்லி நகர்ந்திருப்பேன். சில மாடல்களில் ரிம் அளவைப் பொறுத்து இழுவை வரம்பே மாறும், அதுவும் கையேட்டில்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. ட்ரெய்லர் இழுக்கும்போது காரின் பின் அச்சு வரம்பை 15 சதவீதம் வரை தாண்ட அனுமதி இருக்கிறது, ஆனால் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பின் டயரில் காற்று குறைந்தது 0.2 பார், அதாவது 3 பிஎஸ்ஐ கூட இருக்க வேண்டும். வேகமும் காற்றும் எப்படி ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்று இதில் தெரியும். எல்லா நாட்டிலும் இது செல்லாது, உங்கள் கையேட்டில் இருந்தால் மட்டும்.

#22 நெறியாளர்

கருப்பு ரிம்மா வெள்ளி ரிம்மா என்ற மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தொடருங்கள்.

#23 வெண்புரவி

பயணத்தின்போது ஒரு சின்னச் சோதனை. புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். எஸ்யூவி டயரில் 4 பிஎஸ்ஐ அளவு ஏறியிருந்தால் சரி, எல்டி என்றால் 6. இழுப்பவர்கள் நடுவில் வெகுகாலமாகப் புழங்கும் கைக்கணக்கு இது. மிக அதிகம் ஏறியிருந்தால் புறப்படும்போதே காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். சூட்டில் ஏறிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள், குளிர்ந்ததும் இன்னும் குறைந்துபோகும்.

கேரவன் டயரையும் பாருங்கள். வண்டி டயரைவிட அதுதான் முதலில் வெடிக்கும். பட்டன் தேயாமலே நின்ற இடத்தில் வயதாகும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது.

#24 தூரப்பயணி

முடிவெடுத்துவிட்டேன். 18 ரிம் அப்படியே இருக்கட்டும். நெடுஞ்சாலை ட்ரெட், அதே 265/65ஆர்18, 114. கேரவன் கோக்கும்போது பின்னால் 36, மற்ற நேரம் 33. கேரவன் டயரில் போய்ப் பார்த்தேன், நாலுமே 2014-இல் செய்தவை! பட்டன் புதுசு போல இருக்கிறது. ரிம்முக்கு ஒதுக்கிய பணம் அங்கே போகிறது.

கரும்பாறை அண்ணன் மன்னிக்க வேண்டும். 22 பின்னொரு நாள்.

#25 கரும்பாறை22

போங்க தல :) 2014 டயரைக் கழட்டுறதுதான் சரி, அதுல நானும் உங்க கட்சி.

#26 டயர்க்காரன்

ஸ்டெப்னி? வண்டிக்கு நாலு வாங்குறீங்களா அஞ்சு வாங்குறீங்களா?

#27 தூரப்பயணி

நாலுதான். ஸ்டெப்னி இறக்கவே இல்லை, புதுசாகத்தான் தொங்குகிறது.

#28 டயர்க்காரன்

இறக்கிப் பாருங்க. தேதி பாருங்க, காத்து பாருங்க. வண்டி வயசுதான் அதுக்கும். உங்களுது நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கிற வண்டி. தேஞ்ச மூணோட ஒரு புது டயரைச் சேத்தா சுற்றளவு வித்தியாசத்துல நடு டிஃபரன்ஷியல் ஓயாம சுத்திக்கிட்டே இருக்கும், பின்னாடி கேரவன் வேற. அஞ்சா வாங்கி, மாத்துறப்ப ஸ்டெப்னியையும் சுழற்சியில சேத்துட்டா அஞ்சும் ஒண்ணாத் தேயும்.

#29 தூரப்பயணி

இறக்கப் போனால் சங்கிலி துருப்பிடித்து அசையவே இல்லை. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். அஞ்சாகச் சொல்லிவிட்டேன்.